ஏழாம் வகுப்பு வேலி

இந்த விவரத்தை ஞானதுரை பல வருடங்களாகச் சந்தேகித்தே வந்திருக்கிறார். சந்தேகித்தார் என்பதைவிட, சந்தேகத்தை ஒரு பழைய குடையைப் போல ஒவ்வொரு தடவையும் கையோடு கொண்டுபோய், நெடுங்கரைப் பள்ளிக்கூடத்தின் ஏழாம் வகுப்பு வாசலில் விரித்துப் பிடித்துக்கொண்டு, அய்யம்பெருமாள் சார் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, நனையாமல் வீடு திரும்பினார் என்று சொல்வதுதான் சரி.

ஞானதுரை, பள்ளிக்கூடங்களுக்கு அரசு கொடுத்த டேப்லெட்டுகளையும் புரொஜெக்டர்களையும் பழுது பார்க்கிறவர். ஐம்பது தாண்டியவர், தூத்துக்குடியில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர், எதையும் இரண்டு தரம் யோசித்துவிட்டு, மூன்றாவது தரம் யோசிக்காமல் விட்டோமே என்று ராத்திரி புரண்டு படுக்கிறவர். வருடத்துக்கு ஒருமுறை பையைத் தூக்கிக்கொண்டு நெடுங்கரைக்குப் போவார். நாலு பக்கமும் உப்பளம் சூழ்ந்த ஊர் அது. உச்சி வெயிலில் உப்புக் குவியல்கள் பக்கம் பார்த்தால் கண்ணில் ஊசி ஏறுவது மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு டீக்கடை உண்டு. கடைக்காரர் இவர் தலையைக் கண்டதுமே ரெண்டு டீ ஆற்றி, "அண்ணாச்சி, அங்கனதான போறிய, சாருக்கு உள்ளத கையோட கொண்டு போயிருங்க" என்பார். இவரும் கொண்டு போவார். சார் ஏன் டீக்கடைக்கு வருவதில்லை என்று ஒரு தடவையும் கேட்டதில்லை.

அய்யம்பெருமாள் சார் சொன்ன விவரம் இதுதான்.

சார் அப்போது ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தார். சுற்றளவும் பரப்பளவும் வருகிற பாடம். பிள்ளைகள் வாய்ப்பாடு மாதிரி சூத்திரத்தை ஒப்பிப்பார்கள். ஆனால் சுற்றளவு என்பது காலால் நடந்து வருகிற ஒன்று என்பது அவர்கள் மண்டையில் ஏறவே இல்லை. அந்த வருடம் வந்த டேப்லெட்டில் 'வேலி' என்று ஒரு விளையாட்டு இருந்தது. டேப்லெட்டைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாகவே அறையை ஒரு சுற்று சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால், அது அறையை அளந்து வைத்துக்கொள்ளும். பிறகு அதன் கண்ணாடி வழியாகப் பார்த்தால் சிமெண்டுத் தரை புல்தரையாகிவிடும், பெஞ்சுகளுக்கு நடுவே ஆடுகள் மேயும், வாத்தியார் மேஜைக்கடியில் ஒரு குட்டி படுத்திருக்கும். பிள்ளைகள் கணக்குப் போட்டு ஆடுகளுக்கு வேலி அடைக்க வேண்டும். கணக்குத் தப்பினால் வேலியில் ஓட்டை விழும். ஆடுகள் ஒவ்வொன்றாகச் சுவருக்குள் நுழைந்து காணாமல் போகும். முதல் வாரம் ஆட்டைத் தொலைத்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு வீட்டுக்குப் போன பிள்ளைகள், அடுத்த வாரம் நீளத்தையும் அகலத்தையும் தூக்கத்தில் கேட்டாலும் சொன்னார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. ஒருநாள் டேப்லெட் பழைய அளவை மறந்துவிட்டு, அறையை மறுபடி அளக்கச் சொன்னது. அளக்கிறவரைத் தவிர அறைக்குள் ஆள் யாரும் இருக்கக் கூடாது என்றும் சொன்னது. சார் பிள்ளைகளை வராந்தாவுக்கு அனுப்பிவிட்டு நடக்கத் தொடங்கினார். உச்சி நேரம். மேற்கு ஜன்னலுக்குக் கதவு இல்லை. எதிரே உப்புக் குவியல். ஜன்னல் பக்கம் வரும்போதெல்லாம் வெளிச்சம் அதிகம் என்று சொல்லி டேப்லெட் நின்றுவிட்டது.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. உப்பளத்தில் ஒருத்தர் காலில் உப்புக்கல் ஏறிவிட்டால், அதைப் பிடுங்கக் குனிகிறவர் கண் கூசாமல் இருக்க, பக்கத்தில் இருப்பவர் வெயிலுக்கு முதுகைக் காட்டி, முந்தானையையோ துண்டையோ ரெண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். நிழல் பிடிப்பது என்று அதற்குப் பெயர். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கண்டவர் வந்து நிற்பார்.

வராந்தாவிலிருந்து சண்முகக்கனி கண்டாள். உப்பளத்தில் வேலை செய்யும் பூரணத்தின் மகள். விறுவிறுவென்று உள்ளே வந்து, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, யூனிபார்ம் துப்பட்டாவை விரித்துப் பிடித்து, "நான் நிழல் பிடிக்கேன் சார், நீங்க நடங்க" என்றாள். சாரும் நடந்தார். டேப்லெட் இந்தத் தடவை எங்கேயும் நிற்காமல் சுவர், சுவர், ஜன்னல், சுவர் என்று சுற்றி முடித்து, வேலி முழுமையடைந்தது என்று பச்சை எழுத்தில் சொன்னது.

நாலு மணிக்கு மணி அடித்ததும் கனி பையை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினாள். தாண்டிய கால் வராந்தாவில் படவில்லை. வகுப்புக்குள்ளேயே, கரும்பலகையைப் பார்த்தபடி, அப்போதுதான் உள்ளே வருகிறவள் மாதிரி வந்து படிந்தது. எதையோ மறந்து திரும்பிவிட்டோம் என்று நினைத்து அவள் மறுபடி போனாள். மறுபடி வந்தாள்.

"சார், வாசல் திரும்பிக்கிடுது" என்றாள்.

வேலை முடிந்து உப்புப் பூத்த காலோடு பூரணம் வந்தாள். "ஏட்டி, வெளையாடாத, வீட்டுல தண்ணி புடிக்கணும்" என்று மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். வராந்தாவுக்கு வந்து பார்த்தால் அவள் கையில் வளையல் மட்டும் இருந்தது. கனி உள்ளே கரும்பலகைக்கு முன்னால் நின்று மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் எல்லாரும் போகலாம், வரலாம். அவளுக்கு மட்டும்தான் அந்த வாசலுக்கு வெளிப்பக்கம் இல்லாமல் போயிருந்தது.

மறுநாள் காலையில் ஊர் கூடியது. ஏன் இப்படி ஆனது என்று யாரும் கேட்கவில்லை. எங்கே குளிப்பாள் என்று கேட்டார்கள். மூலையில் தண்ணீர் வெளியே போக ஓட்டை போட்டு, உப்பு மூடுகிற தார்ப்பாயில் ஒரு துண்டு வெட்டி மறைப்புக் கட்டினார்கள். பூரணம் பாயும் தலையணையும் கொண்டுவந்து மகளோடு படுத்துக்கொண்டாள். சத்துணவு ஆயா காலையில் பெருக்கும்போது ஆட்டுப் புழுக்கை கிடக்கிறதா என்று குனிந்து பார்ப்பாள், கிடக்காது, வாசம் மட்டும் இருக்கும். ஏனென்றால் மற்றப் பிள்ளைகள் கண்ணாடி வழியே பார்த்த ஆடுகளைக் கனி வெறும் கண்ணாலேயே பார்த்தாள். எந்த ஆடு சினை, எது நொண்டுகிறது என்று சொன்னாள். பக்கத்தூர்ப் பிள்ளைகளெல்லாம் அவளைப் பார்க்க வந்து, வந்த இடத்தில் கணக்கும் படித்து, இங்கேயே சேர்ந்துகொண்டார்கள். பார்வைக்கு வந்த அதிகாரி ஒருவர், இப்படி ஒருநாள்கூட விடுப்பு எடுக்காத பிள்ளையை நான் பார்த்ததில்லை என்று கைதட்டச் சொல்லி, ஒரு பேனா கொடுத்துவிட்டுப் போனார். தலைமையாசிரியை கைதட்டினார். கனியும் கைதட்டினாள்.

அய்யம்பெருமாள் சார் மட்டும் கைதட்டவில்லை. அவர் டேப்லெட்டை எடுத்து, அளந்த அறையை அழித்துவிடப் பார்த்திருந்தார். அது ஒரு கேள்வி கேட்டது: வேலிக்குள் இருக்கும் அனைத்தும் அழியும், சரியா? சார் விரலைத் தூக்கிக்கொண்டார். கனியை அது என்னவாக எழுதி வைத்திருக்கிறது, சுவராகவா, ஆடாகவா என்று யாருக்குத் தெரியும். அன்றிலிருந்து அந்த டேப்லெட்டைத் துணியில் சுற்றி அலமாரியில் பூட்டி, சாவியைப் பூணூல் மாதிரி குறுக்கே மாட்டிக்கொண்டார். வேலியை அழிக்காமல் மாற்றி அளக்கலாம் என்று அது ஒரு வழி காட்டியது. ஜன்னலில் சாக்கைக் கட்டி அளந்தார்கள், கதவுப் பலகையைச் சாத்தி அளந்தார்கள், வைக்கோல் திணித்த பொம்மைக்குத் துப்பட்டா போட்டும் அளந்தார்கள். எதையும் அது ஏற்கவில்லை. ஒரு தடவை ஆளைக் கண்டுவிட்ட ஜன்னலுக்கு ஆள்தான் வேண்டியிருந்தது.

அது தெரிந்த பிறகு அந்தப் பேச்சை ஊரில் யாரும் எடுக்கவில்லை.

கனி பெரியமனுஷியானபோது தாய்மாமன் முறைப்படி பச்சை ஓலை வெட்டிவந்து, வகுப்புக்குள்ளேயே, உலக வரைபடத்துக்குக் கீழே அவள் தங்கக் குச்சில் கட்டினார். பையன்களுக்கு வராந்தாவில் பாடம் நடந்தது. கனி எட்டாம் வகுப்புக்குத் தேறியதும் ஏழாம் வகுப்பு என்ற பலகையைக் கழற்றிப் பக்கத்து அறையில் மாட்டி, எட்டாம் வகுப்பு என்ற பலகையைக் கொண்டுவந்து இங்கே மாட்டினார்கள். ஆனால் அந்தப் பள்ளிக்கூடம் எட்டு வரைக்கும்தான். ஒன்பதாம் வகுப்புக்குப் பிள்ளைகள் பஸ் ஏறி அடுத்த ஊருக்குப் போக வேண்டும். எட்டு முடிந்த கடைசி நாளில், கூடப் படித்தவர்களெல்லாம் போன பிறகு, கனி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சார், அடுத்த வருசம் பலகை எதை மாட்டுவீங்க?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகுதான் கூட்டம் போட்டார்கள். பள்ளிக்கூட மைதானத்தில், உப்பு லாரியின் நிழலில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். உப்பளத்துக்காரர்களுக்கு முறை வைப்பது பழக்கம்தான். ஒரே மோட்டாரை வைத்துக்கொண்டு எத்தனையோ பாத்திகளுக்கு முறை போட்டுத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள். வீட்டுக்கு ஒரு மாதம், ஒருத்தர் ஜன்னலில் நிற்பது, மாதம் முடிந்ததும் அடுத்த வீட்டுக்காரர் வந்து நிழல் பிடித்து அவரை வெளியே விடுவது என்று பேசிக்கொண்டார்கள். எல்லாருக்கும் சம்மதம். எந்தத் தெருவிலிருந்து ஆரம்பிப்பது என்பதில்தான் நின்றது.

"கீழத்தெருப் பிள்ளதான மாட்டிக்கிட்டா, கீழத்தெருவுலருந்து ஆரம்பிங்க" என்றார் ஒருவர்.

"அவ ரெண்டு வருசம் நின்னது கீழத்தெருக் கணக்குதான். இனி ஒங்க முறை."

"பள்ளிக்கூடத்துல பிள்ள படிக்காத வீடும் நிக்கணுமா? எம்பொண்ணு இன்னும் பால்குடி."

"நாளைக்கு அவ இங்க படிக்க மாட்டாளா? அன்னைக்கு முறை கேக்க வருவேல்லா?"

"புதுசாக் குடி வந்தவங்க மொதல்ல நிக்கட்டும். அவங்களுக்கு ஊரு பழகுன மாதிரியும் இருக்கும்" என்று ஒருவர் சொல்ல, சிலர் சிரித்தார்கள், புதிதாகக் குடி வந்தவர்கள் எழுந்து போனார்கள். பூரணம், "நான் நிக்கேன், எம்மவள விடுங்க" என்றாள். அப்படியானால் அவளுக்குச் சோறு பொங்குவது யார், பிள்ளையைப் பஸ் ஏற்றுவது யார் என்று அதற்கும் ஒரு வாக்குவாதம் நடந்தது. லாரியின் நிழல் நகர்ந்துகொண்டே இருந்தது. கூட்டமும் கூடவே நகர்ந்துகொண்டே இருந்தது.

அய்யம்பெருமாள் சார் எழுந்தார். "முதல் முறை நான் நிக்கேன். நீங்க பேசி முடிச்சுட்டு வாங்க" என்றார்.

ஊருக்கு அப்படியொரு நிம்மதி. அவருக்குச் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். சார் தன் தோள் துண்டை எடுத்து, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, விரித்துப் பிடித்தார். கனி டேப்லெட்டை வாங்கிச் சுவரோரமாக நடந்தாள். பச்சை எழுத்து வந்தது. டேப்லெட்டை மேஜையில் வைத்துவிட்டு வாசலுக்குப் போனவள், காலைத் தூக்கி, தயங்கி, வராந்தாவில் வைத்தாள். வராந்தா அவளைத் திருப்பி அனுப்பவில்லை. வெயில் பழகாத கண்ணை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, விரல் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே அம்மாவோடு நடந்து போனாள்.

இதுதான் விவரம். ஏழாம் வகுப்புப் பலகை மறுபடி அந்த அறைக்கே வந்தது. ஆனால் அடுத்த முறை யாருக்கு என்ற பேச்சு முடியவில்லை. அடுத்த மாதம் கூடினார்கள், பொங்கலுக்குப் பிறகு கூடினார்கள், மழைக் காலத்தில் உப்பளத்தில் வேலை இல்லாதபோது தினமும் கூடினார்கள். சாருக்குச் சாப்பாடு கொடுப்பதற்கு வைத்த முறை மட்டும் ஒருநாளும் தப்பவில்லை. கீழத்தெருவும் மேலத்தெருவும் போட்டி போட்டுக்கொண்டு மீன் குழம்பு அனுப்பின. டீக்கடைக்காரர் ஒருநாள் ஞானதுரையிடம், "அவரு என்ன ஜெயில்லயா இருக்காரு அண்ணாச்சி? வாத்தியாரு பள்ளிக்கூடத்துலதான இருக்காரு" என்று சொன்னார். அவர் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. சாரின் மனைவி ஞாயிற்றுக்கிழமைகளில் கோவில்பட்டியிலிருந்து பஸ் ஏறி, வெளுத்த வேட்டி சட்டைகளோடு வருவார். முழங்கால் போன பிறகு அவரும் வருவதில்லை. கனி மதுரையில் நர்ஸுக்குப் படித்து, அங்கேயே வேலையில் இருக்கிறாள். ஊருக்கு வரும்போதெல்லாம் வராந்தா வரைக்கும் வருவாள். அதற்கு மேல் பூரணம் அவளை விடுவதில்லை. ஒருதடவை அம்மா பிடியை உதறிவிட்டு, நான் மறுபடி நிற்கிறேன் சார் என்றிருக்கிறாள். "நீ ஒன் முறைய முடிச்சுட்ட. போயி ஊசி போடு" என்று சார் கதவைச் சாத்தியிருக்கிறார்.

ஞானதுரை இதையெல்லாம் துண்டு துண்டாக, வருடம் ஒரு துண்டாகக் கேட்டார். கேட்டுவிட்டுப் பஸ்ஸில் திரும்பும்போது காரணங்கள் தேடுவார். சாருக்கு வெட்டவெளியைக் கண்டால் ஏதோ பயம் இருக்கலாம். வீட்டில் மனஸ்தாபமாக இருக்கலாம். இத்தனை பேர் சேர்ந்து பொய் சொல்வார்களா என்று ஒரு மனது கேட்கும். இத்தனை பேர் சேர்ந்து ஒருத்தரை இப்படி விட்டுவைப்பார்களா என்று இன்னொரு மனது கேட்கும். ரெண்டாவது கேள்விக்குத் தூத்துக்குடி வரும் வரைக்கும் பதில் யோசிப்பார். பதில் தெரிந்தேதான் இருந்தது. வீட்டுக்கு வந்து குக்கரில் ஒரு கை அரிசி போடும்போது, சரி, கதைதானே என்று முடித்துக்கொள்வார். கதை என்றால் கேட்டுவிட்டு வரலாம். நிஜம் என்றால், போன வருடம் டீயைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாசலைத் தாண்டி வந்த கால் யாருடையது என்று ஒரு கேள்வி வரும்.

ஒவ்வொரு தடவையும் சார் அலமாரியைத் திறந்து, துணியைப் பிரித்து, அந்த டேப்லெட்டை அவர் கையில் கொடுத்து ஒன்றே ஒன்றுதான் கேட்பார். "தம்பி, பேட்டரி ஒரு சுத்துக்குத் தாங்குமா?"

"தாங்கும் சார்."

"அது போதும்."

இந்த வருடம் ஞானதுரை போனபோது பையில் கருவிகள் இல்லை. வெறும் பெட்டி ஒன்றுதான் இருந்தது. டீக்கடையில் ரெண்டு டீ தயாராக இருந்தது. வகுப்பில் சார் தனியாக இருந்தார். சாப்பாட்டு நேரம், பிள்ளைகள் மைதானத்தில் இருந்தார்கள். சாருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. ஜன்னல் திண்டில் சவரக் கண்ணாடியும் சோப்பு டப்பாவும் இருந்தன. கம்பியில் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

"பழைய டேப்லெட் எல்லாத்தையும் திரும்ப வாங்கச் சொல்லிட்டாங்க சார்" என்றார் ஞானதுரை.

"வாங்கி?"

"அழிச்சுட்டு, எடைக்குப் போட்டுருவாங்க."

"அழிச்சுட்டா?"

"அழிக்காம எடுக்க மாட்டாங்க சார்."

சார் டீயைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "இந்த மாசத்தோட எனக்கு ரிட்டயர்மென்ட். மாலை போட இங்கதான் வாராங்களாம். மேலத்தெருக்காரங்க பிரியாணி போடுதாங்க" என்றார். பிறகு, "கூட்டத்துல அடுத்த முறையைப் பத்தியும் பேசி முடிச்சிருவாங்கன்னு சொல்லுதாங்க" என்றார். சொல்லிவிட்டு அவரே லேசாகச் சிரித்தார்.

ஞானதுரை, சார் அலமாரியிலிருந்து எடுத்து மேஜையில் வைத்திருந்த டேப்லெட்டைப் பார்த்தார். எடுத்துப் பெட்டியில் போட்டால் வேலை முடிந்தது. பல வருடமாகச் சந்தேகித்த மனிதனுக்கு அது ஒரு நிமிட வேலை. போடுவதற்கு முன்னால், சார், ஒரு எட்டு வராந்தாவுக்கு வாங்களேன் என்று கூப்பிட்டுப் பார்த்துவிடலாம். அவர் வந்துவிட்டால் எல்லாம் கதை. அந்தச் சின்ன வார்த்தையை இத்தனை வருடமாக ஏன் கேட்கவில்லை என்று இப்போது அவருக்குத் தெரிந்தது. வந்துவிடுவாரோ என்று அவர் ஒருநாளும் பயந்ததில்லை. வர முடியாமல் நின்றுவிடுவாரோ என்றுதான் பயந்திருக்கிறார்.

சார் கெஞ்சவில்லை. எப்போதும் கேட்பதை மட்டும் கேட்டார். "பேட்டரி ஒரு சுத்துக்குத் தாங்குமா தம்பி?"

ஞானதுரை டேப்லெட்டை எடுத்து முடுக்கினார். கண்ணாடியில் தரை புல்லாக விரிந்தது. பெஞ்சுகளுக்கு நடுவே ஆடுகள் தலை தூக்கி அவரைப் பார்த்தன. "தாங்கும் சார். ஒரு சுத்துக்கு" என்றார். அதைச் சாரின் இரண்டு கைகளிலும் வைத்தார்.

அப்புறம் செருப்பைக் கழற்றி வாசலுக்கு உட்பக்கமாக வைத்தார். குக்கரில் நேற்று மிச்சம் வைத்த சோறு ஞாபகம் வந்தது. வீட்டுச் சாவியைக் கீழத்தெருவில் கொடுப்பதா மேலத்தெருவில் கொடுப்பதா என்று ஒரு யோசனை வந்தது. வெளியே மைதானத்தில் பிள்ளைகள் தட்டு கழுவிக்கொண்டிருந்தார்கள். மேற்கு ஜன்னலில் உப்பு வெளிச்சம் தகித்தது. அவர் அங்கே போய், வெயிலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, கையை நீட்டிக் கேட்டார்:

"சார், கம்பியில கெடக்க அந்தத் துண்டை எடுத்துத் தாரீயளா?"